‘வரவில்லை’ என்பதைவிடத் ‘தாமதமாக வந்தார்கள்’ என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியர் கடல் கடந்து வந்து நாடு பிடிக்காமலே இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியை வைத்துச் சிறுகதைகளும் தொடர்களும் கட்டுரைகளும் தமிழ் இதழ்களில் வரத் தொடங்கியிருக்கின்றன. மாற்று வரலாறு தமிழில் நன்றாக வளரக்கூடிய வகை. அதற்கு வேண்டிய கடலும் கல்வெட்டும் நம்மிடம் ஏராளம். ஆனால் வருகிறவற்றில் பெரும்பாலானவை முதல் பக்கத்திலேயே ஆட்டம் கண்டுவிடுகின்றன. எந்த ஆண்டில், எந்தக் கண்ணி அறுந்தது என்று முடிவு செய்யாமல் எழுத உட்காருவதுதான் காரணம். எழுதுகிறவர்களுக்கும் தேர்ந்தெடுக்கும் உங்கள் உதவி ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று சில விவரங்களை எழுதுகிறேன்.

பலரும் முதலில் பிடித்துக்கொள்வது 1492. கொலம்பஸின் கப்பல் கவிழ்ந்தது, அல்லது அரசி இசபெல்லா பணம் தர மறுத்தார், அத்துடன் அமெரிக்கா தப்பித்தது என்று கதை போகிறது. அப்படித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் காற்று விடாது. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையோரம் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தே காற்று வீசும். லிஸ்பனிலிருந்து தெற்கே இறங்குவது எளிது. அதே கரையை ஒட்டித் திரும்பி வருவது பாய்மரக் கப்பலுக்குப் பெரும்பாடு. அதனால் போர்த்துக்கீசிய மாலுமிகள் திரும்பும்போது கரையை விட்டு வடமேற்கே நடுக்கடலுக்குள் ஏறி, அசோர்ஸ் தீவுகளின் அட்சரேகையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயும் இதே சுற்று தலைகீழாக உண்டு. நன்னம்பிக்கை முனையைத் தாண்ட வேண்டுமானால் முதலில் தென்மேற்கே, ஏறக்குறைய தென் அமெரிக்காவை நோக்கிப் போய்த்தான் திரும்ப வேண்டும். வாஸ்கோ ட காமா 1497இல் இப்படித்தான் சுமார் மூன்று மாதம் கரையே காணாமல் ஓட்டினார். 1500இல் கப்ரால் 13 கப்பல்களுடன் அந்த வளைவைக் கொஞ்சம் அகலமாகப் போட்டார். ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரை தென்பட்டது. கொலம்பஸ் பிறக்காமலே போயிருந்தாலும் அமெரிக்கா எட்டே ஆண்டில் ஐரோப்பியர் கண்ணில் பட்டிருக்கும். வடக்கே, 1497இல் பிரிஸ்டலிலிருந்து புறப்பட்ட கேபட் வேறு வழியில் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு மனிதரை நீக்கினால் அறுந்துபோகிற கண்ணி அல்ல இது.

அடுத்த தவறு 1453. கான்ஸ்டான்டினோபிளைத் துருக்கியர் பிடித்ததால் மிளகு வழி அடைபட்டது, அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே வைத்து, ‘அந்த நகரம் விழாமல் இருந்திருந்தால்’ என்று கதை கட்டுகிறார்கள். மலபார் மிளகின் பெருவழி கான்ஸ்டான்டினோபிளைத் தொடவே இல்லை. கோழிக்கோட்டிலிருந்து ஏடன், ஜித்தா, செங்கடல், கெய்ரோ, அலெக்சாண்ட்ரியா, அங்கிருந்து வெனிஸ். இந்த வழி எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தது. 1453க்குப் பிறகும் அலெக்சாண்ட்ரியாவில் வெனிஸ் வணிகர்கள் மிளகு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். போர்த்துக்கீசியருக்கு வழி அடைபட்ட கவலையைவிட, இடைத்தரகர்களின் லாபத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் ஆசைதான் பெரிது. கான்ஸ்டான்டினோபிளைக் காப்பாற்றுவதால் அந்த ஆசை போய்விடாது.

அப்படியானால் எங்கே வெட்டுவது? எனக்குத் தெரிந்தவரை உறுதியான இடம் அல்ஜுபரோட்டா. 1385 ஆகஸ்ட் 14 அன்று போர்த்துகலின் மன்னர் முதலாம் ஜுவான், பின்னாளில் ஸ்பெயினின் மையமான அண்டை அரசு காஸ்டீலின் பெரிய படையை அங்கே தோற்கடித்தார். தோற்றிருந்தால் போர்த்துகல் காஸ்டீலுக்குள் கரைந்திருக்கும். ஜுவானுக்கும் லங்காஸ்டர் குடும்பத்து ஃபிலிப்பாவுக்கும் 1387இல் நடந்த திருமணம் நடந்திருக்காது. 1394இல் அவர்களுக்குப் பிறந்த, கடற்பயணங்களை ஊக்குவித்த இளவரசர் ஹென்றி பிறந்திருக்க மாட்டார். 1415இல் சியூட்டாவைப் பிடித்ததும், 1434இல் பொஜதோர் முனையைத் தாண்டியதும், ஆப்பிரிக்கக் கரையோரம் ஆண்டுதோறும் கப்பல் அனுப்பியதும் இந்தக் குடும்பத்தின் விடாப்பிடியால் நடந்தவை. நிலத்தில் தெற்கே இருந்த முஸ்லிம் அரசான கிரனடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காஸ்டீலுக்கு அந்தப் பொறுமை இருந்திருக்காது.

ஆனால் இதனாலும் வருகை நின்றுவிடாது. 1402லேயே காஸ்டீலின் ஆதரவில் கேனரித் தீவுகளில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. மீனும் கரும்பும் ஜெனோவா வட்டிக்கடைக்காரர்களின் பணமும் யாரையாவது தெற்கே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். கிடைப்பது ஒரு தாமதம் மட்டுமே. ஏறத்தாழ 50 ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தில் நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: அவர்களை ஒரேயடியாகத் தடுக்க முயலும் கதை பொய்யாகிவிடுகிறது. தாமதப்படுத்துங்கள். இந்தியப் பெருங்கடலைப் பொறுத்தவரை 50 ஆண்டுத் தாமதமே போதும்.

ஏன் போதும் என்றால், அவர்கள் வந்து சேர்ந்த நேரம் அப்படி. மிங் பேரரசின் தளபதி செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தக் கடலில் பெரும் கப்பற்படையோடு வந்துபோனார். 1409 தேதியிட்ட அவருடைய கல்வெட்டு இலங்கையின் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. அதன் தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்கோடிக் கோயில் தெய்வமான தேனாவரை நாயினாருக்குக் கொடுத்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. 1433க்குப் பிறகு மிங் அரசு அந்தப் படையைக் கைவிட்டது. எகிப்தை உஸ்மானியத் துருக்கியர் பிடித்துச் செங்கடலுக்கு வந்தது 1517இல்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், பீரங்கிக் கப்பற்படை வைத்திருந்த பேரரசு எதுவும் இந்தக் கடலில் இல்லாத இடைவெளியில், 1498இல் காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 1509இல் தியூவில் மம்லூக்குகள், குஜராத்திகள், கோழிக்கோட்டு அரசர் சாமூத்திரியின் கப்பல்கள் மூன்றும் சேர்ந்து நின்றும் தோற்றன. 1510இல் கோவா, 1511இல் மலாக்கா, 1515இல் ஹோர்முஸ். பதினேழு ஆண்டில் முடிந்த வேலை. அதே கப்பல்கள் 1548இல் வந்திருந்தால் ஏடனில் துருக்கிப் பீரங்கி நின்றிருக்கும்; சூயஸில் கப்பல் கட்டும் துறை இயங்கிக்கொண்டிருக்கும்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. துருக்கியரை வெல்ல முடியாத காவலர்களாக எழுதிவிட வேண்டாம். செங்கடல் ஓரத்தில் கப்பல் கட்ட மரம் கிடையாது. அனத்தோலியாவில் வெட்டிய மரத்தைக் கடல் வழியே எகிப்துக்குக் கொண்டுவந்து, நைல் வழியே கெய்ரோ சேர்த்து, அங்கிருந்து ஒட்டகத்தில் சூயஸுக்கு ஏற்ற வேண்டும். 1510இல் மம்லூக்குகளுக்கு மரம் ஏற்றி வந்த கப்பல்களை ரோட்ஸ் தீவின் கிறிஸ்தவ வீரமடத்தார் வழியிலேயே பிடித்தார்கள். மறு படை கட்டும் வேலை அத்தோடு பின்தங்கியது. துருக்கியரின் போர்க்கப்பல்களும் துடுப்பு வலிக்கும் தாழ்ந்த கப்பல்கள். வலிப்பவர் நூற்றுக்கணக்கில் இருப்பதால் குடிதண்ணீர் சீக்கிரம் தீரும். கரையை விட்டு அதிக நாள் விலக முடியாது. தென்மேற்குப் பருவத்தின் அலைக்கு அவை தாங்கா. 1554இல் துருக்கிக் கடற்படைத் தளபதி செய்தி அலி ரெயிஸின் கப்பல்கள் புயலில் சிக்கிக் குஜராத்தில் ஒதுங்க, அவர் தரைவழியாக ஊர் திரும்ப நேர்ந்தது. ஆகவே தாமதக் கதையில் துருக்கியர் செங்கடலையும் பாரசீக வளைகுடாவையும் காப்பார்கள். மலபார் கரையைக் குஜராத்தும் கோழிக்கோடும்தான் காக்க வேண்டும். தேக்கு அங்கேதான் இருக்கிறது. கோழிக்கோட்டின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் சிறு படகுகளை வைத்துக்கொண்டே 1600 வரை போர்த்துக்கீசியரைத் திணறடித்தவர்கள். அவர்களுக்கு 50 ஆண்டு அவகாசமும் துருக்கிப் பீரங்கி வார்ப்பாளர்களும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதில் ஒரு நாவலே இருக்கிறது.

‘சரி, அப்படி வந்தவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்?’ என்று கேட்டால், ஊகிக்கத் தேவையில்லை, நடந்ததே இருக்கிறது. 1521இல் தென்சீனக் கரையின் துன்மென்னில் போர்த்துக்கீசியர் மிங் கப்பற்படையிடம் தோற்றார்கள். பிறகு 1557 வாக்கில் மக்காவ் தீபகற்பத்தில் குடியமர்ந்து, ஆண்டுக்கு 500 தேல் (சீன எடை அளவு) வெள்ளி நிலவாடகை கொடுத்து, சீன அதிகாரிகளின் சுங்கத்துக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு வணிகம் செய்தார்கள். மலபாரில் தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைக் கொளுத்திய அதே ஆட்கள்தான். எதிரே இருந்த அரசு வேறு. மாற்று வரலாற்றில் நாகப்பட்டினத்தையோ பழவேற்காட்டையோ எழுதும்போது இந்த மக்காவை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்: வாடகை, சுங்கம், கோட்டை கட்டத் தடை, காற்று திரும்பும் மாதத்தில் கிளம்பிவிட வேண்டும் என்ற நிபந்தனை.

இனித் தென்னகத்துக்கு வருவோம். ‘பறங்கியர் வராவிட்டால் விஜயநகரம் விழுந்திருக்காது’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நடந்தது பெரும்பாலும் நேர்மாறு. தக்காண அரசுகளுக்குக் குதிரைதான் உயிர். நம் நாட்டில் நல்ல போர்க்குதிரை வளராது, ஆண்டுதோறும் அரபுக் கரையிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் வர வேண்டும். கோவா பீஜப்பூரின் கையில் இருந்தவரை பீஜப்பூருக்கு அது அனுகூலம். 1510இல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தபின் குதிரை வரத்து கிருஷ்ணதேவராயருக்குச் சாதகமாயிற்று. 1520இல் ராய்ச்சூர் கோட்டை முற்றுகையில் கிறிஸ்தவோ த ஃபிகெய்ரேதோவின் துப்பாக்கி வீரர்கள் மதில்மேல் நின்றவர்களைச் சுட்டு வீழ்த்தி ராயருக்கு உதவினார்கள். இவர்களை நீக்கிவிட்டால் ராயர் பட்கல், ஹொன்னாவர் துறைகளை மட்டும் நம்பி இருந்திருப்பார். ராய்ச்சூர் கைக்கு வராமலே போயிருக்கலாம். 1529இல் மதுரையிலும் 1532இல் தஞ்சையிலும் தொடங்கிய நாயக்கர் ஆட்சிகளை வைத்து எழுதுபவர்கள், மேலே இருந்த பேரரசு இன்னும் முன்பே தளர்ந்திருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே போல வெள்ளி. இந்தியாவில் வெள்ளிச் சுரங்கம் மிகக் குறைவு. முகலாயரின் ரூபாயும், 1580இல் அக்பர் வகுத்த பத்தாண்டுச் சராசரிப்படியான பண வரியும் வெளியிலிருந்து வந்த வெள்ளியின்மேல் நின்றவை. அதில் பெரும்பகுதி 1545இல் கண்டுபிடிக்கப்பட்ட தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் ஐரோப்பா சுற்றி வந்தது. பாதரசத்தைக் கலந்து தாழ்ந்த தரத் தாதுவிலிருந்தும் வெள்ளி பிரிக்கும் முறை 1554இல் மெக்சிக்கோவின் பச்சூகாவில் நடைமுறைக்கு வந்தபின் வரத்து பெருகியது. அமெரிக்கா 50 ஆண்டு பிந்தினால் இந்த வெள்ளி இல்லை. ஜப்பானின் இவாமி சுரங்கம் இதற்குச் சம்பந்தமில்லாமல் 1526இல் திறந்தது. 1533இல், தாதுவை உருக்கி வெள்ளி பிரிக்கும் முறை கொரியாவிலிருந்து அங்கே வந்தது. ஆகவே சீனா ஓரளவு சமாளிக்கும். வட இந்தியாவில் வரி தானியமாகவே வசூலாகும் பகுதிகள் அதிகமாக இருக்கும். தானிய வரியில் பெரிய நிலைப்படை வைத்துக்கொள்வது கடினம். தமிழ்நாட்டில் பொன் வராகனும் செப்புக் காசும் ஓடியதால் இங்கே அடி அவ்வளவு பலமாக விழாது. ‘ஐரோப்பியர் இல்லை, ஆனால் ஷாஜகான் காலத்துச் செல்வம் உண்டு’ என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு கணக்கிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

துணி வணிகத்தை எழுதுகிறவர்கள் அதன் வேலையைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். லிஸ்பன் வணிகன் கரையிறங்கினான், அன்றே பூத்துணி வாங்கிக் கப்பலேற்றினான் என்று வந்தால் அங்கேயே கதை படுத்துவிடும். சோழமண்டலக் கரையின் சாயத்துணி இப்படி உருவாகிறது: வெள்ளைத் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து வெயிலில் உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். வெல்லத்தோடு பழைய இரும்பை வாரக்கணக்கில் ஊறவைத்த நீரால் கோடு வரைந்தால், கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைப் பூசிப் பிறகு சாயவேர்க் கொப்பரையில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு நிற்கும். மற்ற இடத்தில் ஒட்டிய மங்கலைச் சாணநீரில் ஊறவைத்து, ஆற்றில் அலசி, வெயிலில் விரித்து எடுப்பார்கள். நீலத்துக்கு மற்ற இடங்களில் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளுக்கவும் முடியாது, உலர்த்தவும் முடியாது. ஆகவே சொன்ன அளவுக்குத் துணி கிடைக்க மாதக்கணக்கில் முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். கும்பினிகள் கரையில் கிடங்கு கட்டியதற்கு இதுவும் காரணம். மாற்று வரலாற்றில் அந்த முன்பணத்தைக் கொடுப்பவர் செட்டியாரும் மரைக்காயரும். துணி போகும் இடம் மலாக்காவும் அச்சேவும் பெகுவும் மோக்காவும்.

அமெரிக்காவைப் பற்றிய கதைகளில் நல்ல மனத்தோடு செய்யப்படும் ஒரு தவறு உண்டு. ஐரோப்பியர் வணிகர்களாக மட்டும் போயிருந்தால் அஸ்டெக்குகளும் இன்காக்களும் பிழைத்திருப்பார்கள் என்கிறார்கள். பெரியம்மைக்கு வணிகர், படையெடுப்பாளர் என்ற பேதம் கிடையாது. தொற்றியவருக்கு நோய் வெளிப்படச் சுமார் 12 நாள், பொருக்கு உதிர மேலும் மூன்று வாரம் வரை. கொலம்பஸ் கேனரியிலிருந்து கடலைக் கடந்தது 36 நாளில். கப்பலில் இருந்த பெரியவர்கள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே அம்மை கண்டவர்கள். நடுக்கடலில் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் 1492இல் தொடங்கிய போக்குவரத்தில் 1518 வரை கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவில் பெரியம்மை வேரூன்றவில்லை. சங்கிலி அறுபடாமல் ஒரே ஒரு கப்பல் போனால் போதும். 1520இல் அஸ்டெக்குகளின் தலைநகர் டெனோச்டிட்லானே படுத்தது. வணிகம் மட்டும் நடக்கும் கதையிலும் சாவு உண்டு. வேறுபடுவது பிறகு நடப்பது: நிலம் பறிபோகாமல், சுரங்கத்தில் கட்டாய வேலை இல்லாமல், பிழைத்தவர்கள் இரண்டு மூன்று தலைமுறையில் மீள இடம் இருக்கும்.

மிளகாயை இதனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மிளகாய், தக்காளி, உருளை, வேர்க்கடலை, முந்திரி, மரவள்ளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, அன்னாசி, புகையிலை எல்லாமே அமெரிக்கப் பயிர்கள். தொடர்பே இல்லாத உலகத்தில் இவை எதுவும் வரக்கூடாது. காரத்துக்கு மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். தொடர்பு பிந்திய உலகத்தில் பிந்தி வரும். காப்பி எத்தியோப்பியாவில் தோன்றி யேமனில் பயிரானது என்பதால் தாராளமாக இருக்கலாம். சிலோன் தேயிலைத் தோட்டமும் மலாயா ரப்பர் தோட்டமும் இல்லை. ஆகவே மலையகத் தமிழர், மலேசியத் தோட்டத் தமிழர், நேட்டால், மொரிசியஸ் தமிழர் என்ற சமூகங்களும் இல்லை. ஆனால் சுமத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சீனத்தின் குவன்சூவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. வணிகர்களாகக் கடல் கடந்த அந்தப் பழைய தமிழரைத் தொடர்ந்து எழுத இடம் நிறைய.

ஆட்களின் பெயரிலும் கவனம் வேண்டும். வெட்டு விழுந்த செய்தி ஒரு வட்டாரத்தைத் தொட்டபின், அங்கே அடுத்த தலைமுறையில் பிறப்பவர்கள் நாமறிந்தவர்களாக இருக்க முடியாது. இந்தியப் பெருங்கடல் 1498 வரை மாறாததால் 1483இல் பிறந்த பாபரும் 1471இல் பிறந்த கிருஷ்ணதேவராயரும் இருக்கலாம். சிவாஜியோ காந்தியோ பாரதியோ வரக்கூடாது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இல்லை, தமிழ் எழுத்தைத் திருத்திய வீரமாமுனிவரும் இல்லை. கதைக்குள் ஓர் ஓலையைக் காட்டினால் அதில் எகர ஏகாரங்களுக்கு இன்றைய ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு இருக்கலாகாது. புள்ளிகளும் பெரும்பாலும் இருக்காது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, பறங்கியர் இல்லாத உலகத்தைப் பொற்காலமாகவே காட்டுவது. செங் ஹே 1411இல் இலங்கையின் அழகக்கோனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனவர். 1025இல் ராஜேந்திரன் கடாரத்துக்குப் போனதும் விருந்துக்கு அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளிலேயே, வரி நீங்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆங்கிலேயர் வந்துதான் சாதி வந்தது என்ற பாவனையில் எழுதப்படும் கதை அந்தச் சேரிகளில் இருந்தவர்களை இரண்டாம் முறை அழிக்கிறது. அவர்களும் அந்த மாற்று உலகத்தில் வாழ்ந்திருப்பார்கள்; எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கதைகளை வெளியிடும்போது தலைப்பின் கீழே, வரலாறு பிரியும் ஆண்டையும் இடத்தையும் ஒரே வரியில் போடுங்கள். எழுதுபவரும் அதற்குக் கட்டுப்படுவார், படிப்பவரும் சரிபார்க்கலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஓர் இடம் சொல்கிறேன்: 1530களின் முத்துக்குளித்துறை. வேம்பாறு முதல் மணப்பாடு வரை பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் சலாபத்தின்மேல் (முத்துக்குளிப்பு உரிமைமேல்) தகராறு முற்றி, பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டு, ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். தாமதக் கதையில் கூப்பிடப் போர்த்துக்கீசியர் இல்லை. தென்காசிப் பாண்டியர், வேணாட்டரசர், 1532இல் தாமிரபரணிவரை படை அனுப்பிய அச்சுததேவராயர் என்று மூன்று பேர் அந்தக் கரைக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். மார்ச் பிறந்து கடல் அடங்கிவிட்டது. குளியாளிகள் கல்லும் கயிறும் கூடையுமாகத் தோணிகளில் தயார். எடுக்கும் சிப்பியில் யாருக்கு எத்தனை பங்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குமேல் நடப்பதை யாராவது எழுதினால் உங்கள் இதழில் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி